முப்பத்தேழு பேருடன் தொடர்பு

சந்தனசாமிக்கு முப்பத்தேழு பெண்களுடன் தொடர்பு இருக்கிறது என்று அரசாங்கம் முத்திரை குத்தி அவர் வீட்டுக் கதவில் ஒட்டிய நேரத்தில், மனிதர் கோயில்பத்தில் ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்குத் தோளில் கேஸ் சிலிண்டரோடு ஏறிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது, இடுப்பில் பெல்ட், சட்டைப்பையில் மாதா படம். பெண்களிடம் பேசவேண்டி வந்தால் சிலிண்டர் மூடியைப் பார்த்தே பேசுகிறவர். நான் அவருக்கு எதிர்வீடு. இருபது வருஷத்தில் என் மனைவியிடம் அவர் பேசிய மொத்தப் பேச்சு, "சோப்புத் தண்ணி கொண்டாங்கம்மா, லீக்கு பாக்கணும்" என்பதுதான்.

நோய் வந்த இரண்டாம் வருஷம் அது. காரைக்காலில் ஓர் அலுவலகம் புதிதாக முளைத்தது. அதன் பெயர் 'அன்றாடச் சமூகத் தொடர்பு அளவீடு மற்றும் குறைப்புச் சிறப்புப் பிரிவு'. அறையைவிடப் பெயர்ப்பலகை நீளமாகிவிட்டதால் பாதியை வாசலிலும் மீதியைப் பக்கத்துச் சந்திலும் மாட்டினார்கள். சந்து வழியாக வருகிறவர்களுக்குக் 'குறைப்புச் சிறப்புப் பிரிவு' என்பது மட்டும் தெரியும். உடம்பு குறைக்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்து, டோக்கன் வாங்கி, சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

நோய்க் காலத்தில் ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறான், எவ்வளவு நேரம், எத்தனை அடி தூரத்தில் என்று எழுதிவைப்பதுதான் பிரிவின் வேலை. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. நோய் எந்த வழியாகப் பரவும் என்று கண்டுபிடிக்க உலகமெங்கும் இப்படித்தான் செய்கிறார்களாம். ஆனால் உலகமெங்கும் சோமசேகரன் சார் இல்லையே!

சோமசேகரன் பிரிவின் சிறப்பு அதிகாரி. எங்கே போனாலும் அவருக்கு முன்னால் ஓர் ஆறடி மூங்கில் கம்பு போகும். கம்பு முனை யார்மீதும் படாத தூரத்தில்தான் அவர் நிற்பார். கம்பு வளையாமல் தாங்கிப் பிடிக்க இரண்டு ப்யூன்கள் உண்டு. அந்த இரண்டு பேரும் அவருடைய தோளை உரசிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைப் பற்றி ஒருமுறை கேட்டதற்கு, "அவங்க கம்போட சேர்ந்தவங்க" என்று சொல்லிவிட்டார்.

யாரை அளப்பது என்று ஆயிரம் பேருக்கு ஒருவராகக் குலுக்கல் போட்டார்கள். மாதா கோயில் திருவிழாக் குலுக்கலில் ஒரு பிளாஸ்டிக் குடம்கூட விழாத சந்தனசாமிக்கு இது விழுந்தது. அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வந்தது. பேசியது ரிஃபானா, பிரிவில் தற்காலிக வேலையில் இருந்த உள்ளூர்ப் பெண்.

"அங்கிள், வீட்டுல ரெண்டு பேரு. அது எழுதிட்டேன். வெளியில இன்னிக்கு யார் யாரோட உங்களுக்குத் தொடர்பு இருந்துச்சு?"

சந்தனசாமி போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் மனைவி சலோமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, யாருன்னு நெனச்சுப் பேசுற? நான் சிலிண்டரு போடுறவன். கல்யாணத்துக்குப் பொண்ணு வெச்சிருக்கேன்."

"ஐயோ, அது இல்ல அங்கிள். ஆறடிக்குள்ள நின்னு மூணு வார்த்த பேசுனா அது தொடர்பு. ஒரு பொருள் கை மாறுனா நேரடித் தொடர்பு."

"பில்லுல கையெழுத்து வாங்குறப்ப பேனா குடுப்பேன்."

"அப்ப எல்லாமே நேரடி."

சலோமி உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். 'தொடர்பு' என்ற வார்த்தைக்கு நம்மூரில் என்ன அர்த்தம் என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாதது அந்தப் பிரிவுக்கு மட்டும்தான்.

அன்று முதல் தினமும் ஏழு மணிக்கு அது ஒரு சடங்காகிவிட்டது. சந்தனசாமிக்குக் கையெழுத்து சரியாக வராது. அதனால் மகள் ஜோவிதா நோட்டும் பேனாவுமாக உட்காருவாள். அப்பா சொல்லச் சொல்ல எழுதி, ரிஃபானாவுக்குப் போனில் படித்துக் காட்டுவாள்.

"பத்ருன்னிசா ஆன்ட்டி வீட்டுல எத்தன நிமிஷம்ப்பா?"

"பத்துன்னு போடு. புள்ள துபாய்லேருந்து வரமுடியலன்னு அழுதாங்க. நடுவுல எப்புடி எந்திரிச்சு வர்றது?"

"அழுதது தொடர்புல வருமா?"

"அந்தப் பாப்பாவக் கேளு."

ரிஃபானா கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அழுகைக்குத் தனிக் கட்டம் இல்லை, 'இதர' என்பதில் போடலாம் என்று மறுநாள் பதில் வந்தது.

ஊர் ஆண்கள் எல்லோரும் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள். காலிங்பெல் அடித்தால் எழுந்துவந்து கதவைத் திறந்தவர்கள் மட்டும் பெண்கள். "இந்தா, கேஸ் வந்துருக்கு பாரு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். குரல் ஆறடிக்கு அப்பால் இருப்பதால் அது கணக்கில் சேராது. சந்தனசாமியின் பட்டியலில் ஒரு நாள் ஆண்கள் பூஜ்யம், பெண்கள் முப்பத்தேழு என்று வந்தது இப்படித்தான். ஒன்பதாவது பெயர் என் மனைவியுடையது. நானும் உள்ளேயிருந்துதான் குரல் கொடுத்தேன், மறைப்பானேன்.

மாதத்தில் அதிகமான அந்த ஒரு நாளை எடுத்து வைத்துக்கொண்டு பிரிவு அவரை 'மிகைத் தொடர்பாளர்' என்று அறிவித்தது. மஞ்சள் காகிதத்தில் பெரிய எழுத்து: 'இவ்வில்லத் தலைவர் திரு. சந்தனசாமி முப்பத்தேழு பெண்களுடன் நேரடித் தொடர்பு உள்ளவர். பொதுமக்கள் விலகி நிற்கவும்.' கீழே முத்திரை.

பொதுமக்கள் விலகி நிற்கவில்லை. கூட்டமாக வந்து படித்தார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குத்தான் ஜோவிதாவை நிச்சயம் செய்திருந்த நாகப்பட்டினத்துச் சம்பந்தியம்மா, கூறைப்புடவைக்கு ரவிக்கை அளவு வாங்க வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை யேசுராஜ் ஐஸ் கம்பெனியில் வேலை, தங்கமான பையன். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி. சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைப் படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"முப்பத்தேழாம்ல?" என்றார் வாசலில் நின்றபடியே.

"அது வேற தொடர்பு சம்பந்தி" என்றாள் சலோமி.

"வேறன்னா? கவர்மெண்டு முத்திர போட்டுருக்கு. ஒண்ணு ரெண்டுன்னா வாய்க்கு வந்தது பேசுவாங்கன்னு விட்டுடலாம். இது எண்ணி எழுதியிருக்கே! இந்தக் காயிதம் ஞாயித்துக்கெழமைக்குள்ள கதவுல இருந்து எறங்கணும். இல்லன்னா மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லிச் சாமியாருக்குப் போன் போட்டுருவேன்."

வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் சந்தனசாமி வீட்டுக்கு வந்தபோது ஜோவிதா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தானேப்பா எழுதுனேன். நாலு பேர விட்டுட்டு எழுதியிருக்கலாம்ல" என்றாள். "நடந்தத எழுதுனதுக்கு நீ என்னடி பண்ணுவ" என்று சொல்லிவிட்டு அவர் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். சிலிண்டர் தூக்கித் தேய்ந்த இடுப்பைவிட அன்றைக்கு அவருக்கு வேறெங்கோ வலித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. மறுநாள் காலையில் சந்தனசாமி பிரிவுக்குப் போனார். வராந்தாவில் எண்பது பேர் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் 'தனித்திருத்தல் அனுமதிச் சீட்டு' வாங்க வந்தவர்கள். மூன்று மணி நேரம் நசுங்கிய பிறகு கம்பின் முனை அவருக்கு முன்னால் நீண்டது.

"சார், வெளியில இவ்வளவு கூட்டமா..." என்று ஆரம்பித்தார்.

"அது கூட்டம் இல்ல சந்தனசாமி, காத்திருப்பு" என்றார் சோமசேகரன். "அரசு அலுவலகத்துக்குள்ள நடக்கறது பணி நிமித்தம். பணி நிமித்தம் தொடர்புல வராது. அதே மாதிரி வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டி நடக்கறதும் வராது. அது தமிழ்நாட்டுக் கணக்கு. கிருமி தாண்டிப் போகலாம். நம்ம கோப்பு தாண்ட முடியுமா?"

"முடியாதுங்க சார். என் கதவுல இருக்குற காயிதத்த மட்டும் எடுத்துட்டீங்கன்னா..."

"எடுக்கலாமே! தாராளமா எடுக்கலாம். தொடர்பின்மைச் சான்று வேணும். முப்பத்தேழு பேரையும் நேர்ல பாத்து, 'எனக்கும் சந்தனசாமிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை'ன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"நேர்ல போனா அது தொடர்பு ஆயிடாதுங்களா சார்?"

"ஆகும். அதுக்குத்தான் படிவத்துல ரெண்டாம் பக்கம் வெச்சிருக்கோம்" என்றார். இவ்வளவு சுலபமான விஷயம் பொதுஜனத்துக்கு ஏன் புரியமாட்டேன் என்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

சந்தனசாமி படியிறங்கிப் படியேறினார். இந்த முறை தோளில் சிலிண்டர் இல்லை, கையில் காகிதம். விஷயத்தைக் கேட்டதும், இத்தனை மாதம் எழுந்திருக்காத கணவன்மார்கள் எழுந்து வந்தார்கள். "என்னது, என்ன தொடர்பு?" என்று கதவோரம் நின்று மூன்று வார்த்தைக்கு மேலேயே பேசினார்கள். நானும் போனேன், படித்தேன், என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். சாயங்காலம் ரிஃபானா கூட்டிப் பார்த்தாள். பெண்கள் முப்பத்தேழு, ஆண்கள் முப்பத்தைந்து. புதன்கிழமை மஞ்சள் காகிதம் போய்ச் சிவப்புக் காகிதம் வந்தது. 'அதிமிகைத் தொடர்பாளர்.'

முப்பத்தைந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். பத்ருன்னிசா மட்டும் போடமாட்டேன் என்றார்.

"தொடர்பு இல்லன்னு எப்புடிப்பா எழுதிக் குடுப்பேன்? இந்த நாப்பது நாள்ல நான் மொகத்தப் பாத்துப் பேசுன ஆளு நீ ஒருத்தன்தான். அல்லா பாத்துக்கிட்டு இருக்கான். பொய் எழுத மாட்டேன்."

சந்தனசாமி படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சிலிண்டர் மூடி எதுவும் எதிரில் இல்லாததால், அன்றைக்கு முதல் தடவையாக அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, "பரவால்லம்மா, ஒடம்ப பாத்துக்குங்க" என்றார்.

பாக்கி ஒருவர், இருபத்துமூன்றாம் எண். அதிகாரிகள் குடியிருப்பில் இருக்கும் அன்னபூரணி. அந்த அம்மா படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"இது எந்த ஆபீஸ் பேப்பருங்க?"

"சாரோட ஆபீசுதாம்மா."

"சார் லிஸ்ட்டப் படிச்சாரா?"

"தெரியலம்மா. அவரு மொத்தம் மட்டுந்தான் பாப்பாராம். பேரு பாக்குறது கீழ உள்ளவங்க வேலயாம்."

"அப்படியா" என்றார் அன்னபூரணி. "இது என்கிட்டயே இருக்கட்டும். சனிக்கிழமை நானே கொண்டாறேன்."

அன்னபூரணி சோமசேகரனுடைய மனைவி.

இதற்கிடையில் கணவன்மார்கள் பிரிவில் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். குறை வேலையில் இல்லை, வார்த்தையில்தான் என்று கண்டுபிடித்த சோமசேகரன், மாற்றுச் சொல் காணக் குழு அமைத்தார். குழு காலையில் கூடி மதியம் 'உறவு' என்று முடிவு செய்தது. வியாழக்கிழமை சந்தனசாமியின் கதவில் 'முப்பத்தேழு பெண்களுடன் நேரடி உறவு உள்ளவர்' என்று ஏறியது. சலோமி அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்து கதவையே கழற்றப் பார்த்தாள். நாங்கள் நாலு பேர் தடுத்தோம். தடுத்தது நாலு நேரடித் தொடர்பாகப் பதிவானது. வெள்ளிக்கிழமை குழுவில் இருந்த பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் ஒருவர், வம்பே வேண்டாம், பிரெஞ்சுக்காரன் சொல்வதுபோல் 'கொந்தக்த்' என்று போடுங்கள் என்றார். போட்டார்கள். "அது எந்த மீனுங்க, இப்ப கெடைக்குதா?" என்று கருக்களாச்சேரியிலிருந்து மீன் கூடையோடு வந்த அம்மா கேட்டதும், பழையபடி தொடர்பே இருக்கட்டும், பத்தாயிரம் படிவம் அச்சடித்தாகிவிட்டது என்று குழுவைக் கலைத்தார்கள்.

சனிக்கிழமை 'தொடர்பு குறைப்பு வெற்றி விழா'. யாரும் யாரையும் சந்திக்கக் கூடாது என்பதை விளக்க நானூறு பேரைப் பேருந்து வைத்து அழைத்து வந்திருந்தார்கள். நாற்காலிகளை ஆறடிக்கு ஒன்றாகப் போட்டுச் சுண்ணாம்பில் வட்டம் வரைந்திருந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் நடுவில் இருந்த ஆறடியில் நெருக்கியடித்து நின்றார்கள்.

சலோமி அன்றைக்குக் காலையிலேயே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, "காயிதத்த நம்புறீங்கல்ல, எழுதுன ஆளையே வந்து கேளுங்க" என்று சொல்லியிருந்தாள். அவரும் வாஞ்சூர் தாண்டி வந்துவிட்டார். 'வெளிமாநிலப் பார்வையாளர்' என்று சொல்லி அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். நாலு வட்டம் தள்ளி அன்னபூரணி. மேடையில் மாதிரிக்காக நிறுத்தப்பட்டிருந்தார் சந்தனசாமி. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

சோமசேகரன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! பிறரை அளப்பதற்கு முன் நான் என்னை அளந்தேன். கடந்த ஐந்து மாதங்களாக எனக்கு என் மனைவியுடன் எவ்விதத் தொடர்பும் கிடையாது!"

ப்யூன்கள் இரண்டு பேரும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

"அவர் சமையலறை, நான் மாடி. என் இல்லத்தில் தொடர்பு பூஜ்யம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஆனால், இதோ நிற்கிறாரே சந்தனசாமி! இவருக்கு யார் யாருடன் தொடர்பு? ஒளிவுமறைவு நம் பிரிவில் இல்லை. நானே வாசிக்கிறேன்!"

வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒன்பதாவது பெயருக்கு நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். இருபத்துமூன்றுக்கு வந்தார்.

"இருபத்துமூன்று. அன்னபூரணி. கணவர் பெயர் சோமசேகரன். அதிகாரிகள் குடியிருப்பு. நேரடித் தொடர்பு, பன்னிரண்டு நிமிடம். இருபத்துநான்கு..."

இருபத்துநான்கு வரவில்லை. அவர் கண் ஒரு வரி மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது.

முதல் வரிசையிலிருந்து அன்னபூரணி எழுந்து மேடை ஏறினார். கையில் அந்தப் படிவம்.

"தொடர்பு இல்லன்னு கையெழுத்துக் கேட்டிருந்தீங்க. போட்டுட்டேன். பேரு மட்டும் ஒண்ணு மாத்தியிருக்கேன், பாத்துக்குங்க."

சந்தனசாமி என்ற பெயரை அடித்துவிட்டுச் சோமசேகரன் என்று எழுதியிருந்தது.

"அந்தப் பன்னெண்டு நிமிஷமும் சொல்லிடறேன்" என்று மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "அஞ்சு மாசமா இவருக்குச் சோத்த மாடிப்படியில வெச்சுட்டுக் கீழ எறங்கி நிக்கறேன். என்னைக்காவது சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேட்டது கெடையாது. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். இந்த சிலிண்டர்காரர்தான் 'ஏம்மா, கொரலு கம்மிக் கெடக்கு'ன்னு கேட்டுட்டு, மாத்திர வாங்கியாந்து குடுத்துட்டுப் போனாரு. அதுதான் எங்க தொடர்பு."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மா. மாஸ்க் கழன்று ஒரு காதில் தொங்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு நானூறு பேரும். சோமசேகரன் கம்பைத் தேடினார். அது மேடைக்குக் கீழே உருண்டுவிட்டிருந்தது.

"பொண்டாட்டியோட தொடர்பு இல்லன்னு மைக்குல பெரும பேசுற ஆளு! இவன் எழுதுன காயிதத்துக்கா நான் ஆட்டோ வெச்சுப் பறந்தேன்?" சம்பந்தியம்மா சலோமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி. ரவிக்க அளவு கொண்டாந்திருக்கீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தியபோது சந்தனசாமி கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து, ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்ற விதிப்படி கல்யாணம் நடந்தது. பத்ருன்னிசாவும் வந்திருந்தார், அன்னபூரணியும் வந்திருந்தார். மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறி வாஞ்சூர் தாண்டிப் போனார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் அடித்தது. சந்தனசாமி நோட்டை எடுத்து வைத்தார். பேனாவை ஜோவிதா எங்கே வைப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அங்கிள், வீட்டுல ரெண்டு, எழுதிட்டேன். வெளியில?"

"வீட்டுல ஒண்ணும்மா."

"இன்னிக்கு மட்டும் ரெண்டுன்னே இருக்கட்டுமே அங்கிள்" என்றாள் ரிஃபானா.

"வேணாம்மா. உள்ளத உள்ளபடி போடு. அவ செக்போஸ்ட்டு தாண்டிட்டா. இனிமே அந்தப் பக்கத்துக் கணக்குத்தான்."

அடுத்த மாதம் பிரிவிலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. சோமசேகரன் வேறு இடத்துக்கு மாறிப்போயிருந்தாலும் கையெழுத்து அவருடையதுதான். 'திரு. சந்தனசாமி தமது இல்லத்தில் தொடர்பை ஐம்பது விழுக்காடு குறைத்துக் காட்டியுள்ளார். இது இப்பிரிவின் முதல் வெற்றி' என்று அச்சடித்திருந்தது. பழைய காகிதத்தின் பசை கதவில் இன்னும் போகாமல் இருந்ததால் சலோமி அதன்மேலேயே இதை ஒட்டிவிட்டாள். சந்தனசாமி காலையில் சிலிண்டர் வண்டிக்குக் கிளம்பும்போது அந்தக் கதவை நிமிர்ந்து பார்க்காமல் போகிறார். சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான்.